மூன்றாம் பலகை

மருதப்பன் கூடத்தில் குப்புறப் படுத்திருக்கிறார். காலை ஆறே கால் மணி. இடது முழங்கை துப்பாக்கிக்கு நேர் கீழே இருக்கிறது. கால்கள் அகன்று, குதிகால்கள் இரண்டும் தரையோடு படிந்திருக்கின்றன. திறந்த பின்வாசலுக்கு அப்பால், மகபூப் பீவி வீட்டுக் கொல்லைச் சுவரில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கரிப் பொட்டு. முந்நூறு கெஜத்தில் இருக்கும் இரண்டடிக் கறுப்பு வட்டம் பதினாறு கெஜத்தில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. கணக்குப் போட்டு வரைந்தது. துப்பாக்கியில் குண்டு கிடையாது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்துகிறார். டிக். போல்ட்டைத் தூக்கி இழுத்துத் தள்ளுகிறார். மறுபடி மூச்சு. மறுபடி டிக். நாற்பது முறை.

சுவருக்கு மேல் ஒரு முக்காடு தெரிகிறது. உடனே போல்ட்டைத் திறந்துவிட்டுக் குழலைத் தரைக்குத் தாழ்த்துகிறார். குண்டில்லாத துப்பாக்கியைக்கூட ஆள் பக்கம் நீட்ட மாட்டார்.

"என்ன சர்வேயரே, எஞ் சுவரு இன்னும் விழலியா?"

"எங்கன விழ? பத்துல ஏழுதான் பட்டிருக்கு. மூணு உங்க தொழுவத்துக்குப் போயிட்டு."

"போகட்டும். அந்த மாடு கறக்கவும் மாட்டேங்கு."

மகபூப் பீவி சிரிக்கவில்லை. மருதப்பனும் சிரிக்கவில்லை. அவர்கள் இருவருக்கும் அதுதான் காலை வணக்கம். ஆறு மாதமாக அது நின்றுபோயிருந்தது. இந்த வாரம்தான் துப்பாக்கி மறுபடி அலமாரியை விட்டு வெளியே வந்திருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை போறியளா?"

"போய்ப் பாக்கேன். காத்தை நானாப் பாத்து, ஒரு குண்டாச்சும் நடுவுல விழுந்தா வச்சிக்கிடுதேன். இல்லன்னா லைசென்சப் புதுப்பிக்கல. திருநெல்வேலித் துப்பாக்கிக் கடையில கொண்டு ஒப்படைச்சிருதேன்."

"தங்கத்தாய் இருந்தா வைஞ்சிருப்பா."

"அவ இருந்தா இந்தப் பேச்சே வராதே."

மருதப்பனுக்கு வயது ஐம்பத்தேழு. சங்கரன்கோவில் தாலுகாவில் சர்வேயர். குருவிகுளத்துக் கரிசலிலும் இளையரசனேந்தல் மானாவாரியிலும் அவருடைய அளவுச் சங்கிலி விழாத புஞ்சை குறைவு. நடந்தால் அடி எண்ணுவார்; அவருக்கே தெரியாமல் உதடு அசையும். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோவில் வாசலுக்கு எத்தனை அடி என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவார். ஒருமுறை திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் வரப்புத் தகராறு. எல்லைக்கல் தானாக நகர்ந்துவிட்டது என்று ஒருவர் சாதித்தார். மருதப்பன் கல்லின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டார்: "இது கல்லு வே. ரெண்டு மணி நேரமா நானும் இதும்மேலதான் இருக்கேன், ஒரு நூலு நகரக் காணும். நீரு கூட ஒரு கை வச்சிப் பாரும்." தகராறு அன்றே முடிந்தது.

பொழுதுபோக்கு என்று அவருக்கு இருப்பது ஒன்றுதான். பாயிண்ட் த்ரீ ஒன் ஃபைவ் ரைபிள். முந்நூறு கெஜம். காகித வட்டம். ஒரு முயலைக்கூட அவர் சுட்டதில்லை. காடையைக் காட்டி ஆசை மூட்டியவரிடம், "அது எங்கன நிக்குன்னு அளந்து சொல்ல முடியுமா? முடியாதுல்ல. அப்பம் வேண்டாம்" என்றார்.

சுடப்போகும் நாளில் காப்பி கிடையாது. "நாடி துப்பாக்கில வந்து நிக்கும்" என்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுவார். கிளம்புவதற்கு முன் ஒரு கட்டிக் கற்பூரத்தைக் கொளுத்தி, அதன் புகையில் துப்பாக்கியின் நுனிக் குறியைக் காட்டுவார். மினுங்கும் இரும்பில் கரி படிந்து மங்கும். வெயிலில் கண் கூசாது. அந்த வாசனை வீட்டில் பரவும்போது ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்து வந்தவர்கள் உண்டு.

இந்த வருடம் நுனிக் குறிக்கு வேலை இல்லை. கண் போய்விட்டது. இரும்புக் குறி வைத்துச் சுடுகிறவன் மூன்றைப் பார்க்க வேண்டும்: கண்ணருகே ஒரு துளை, குழல் முனையில் ஒரு முள், முந்நூறு கெஜத்தில் ஒரு வட்டம். மூன்றும் மூன்று தூரத்தில். ஐம்பதுக்கு மேல் கண் அந்த ஓட்டத்துக்கு ஈடு கொடுப்பதில்லை. முள் பஞ்சாகத் தெரியும். மலையை விட்டு ஊர் திரும்பிய ஒரு எஸ்டேட் மானேஜரிடமிருந்து நீண்ட ஒல்லியான ரைபிள் தொலைநோக்கி ஒன்று கிடைத்தது. இருபது மடங்கு பெரிதாகக் காட்டும். அதைத் துப்பாக்கியில் பொருத்தும் இரண்டு வளையங்களை மகன் கோயம்புத்தூரில் லேத்தில் கடைந்து அனுப்பினான். அவை தபாலில் வந்த அன்று மனைவி தங்கத்தாய் காய்ச்சலில் படுத்திருந்தார். மாசி மாதம். பார்சலை வாங்கி, வளையங்களை விரலில் மாட்டிப் பார்த்து, "வளையல் அனுப்புவான்னு பாத்தா" என்றார். ஒன்பதாம் நாள் இறந்தார்.

தங்கத்தாய் ஒரு தடவைகூடத் துப்பாக்கியைத் தோளில் வைத்ததில்லை. அவருடைய இடம் மருதப்பனுக்குப் பின்னால் மூன்றடி. முன்னால் ஏலத்தில் எடுத்த பழைய சர்வே தொலைநோக்கி. அதில் உலகம் தலைகீழாகத் தெரியும். மேலே பட்ட குண்டு கீழே இருக்கும், வலம் இடமாகும். தங்கத்தாய் அதை மனத்துக்குள் புரட்டிப்போட்டு, "நாலு மணிக்கு, எட்டு" என்று சொல்லுவார். கடிகார முள் போலத் திசை, பிறகு புள்ளி. பத்தொன்பது வருடத்தில் அவர் புரட்ட மறந்ததாக யாரும் சொன்னதில்லை.

குண்டு பட்ட இடத்தைச் சொல்வது சிறிய வேலை. பெரிய வேலை காற்று. மேற்கு மலையின் கணவாய் வழியாக வரும் காற்று கரிசல் வெளியில் தடுக்க ஆளின்றி ஓடும். மிதமான காற்றுக்கே குண்டு ஒரு சாண் விலகும். கொடி பார்த்தால் கொடி நிற்கும் இடத்துக் காற்றுதான் தெரியும். நடுவழிக் காற்று கானலில் தெரியும். தொலைநோக்கியின் குவியத்தைப் பலகைக்குச் சற்று முன்னால் இழுத்து வைத்துத் தங்கத்தாய் கானலைப் பார்ப்பார். "பால் பொங்குத மாதிரி நேரா ஏறுது, இப்பம் போடுங்க" என்றால் காற்றில்லை. "வாய்க்காலா ஓடுது" என்றால் ஒரு சாண் தள்ளிக் குறி. "அருவியா சாயுது" என்றால் மருதப்பன் விரலை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். பத்தொன்பது வருடமாகக் காற்றை அவர் தானாகப் பார்த்ததே இல்லை. இதுதான் அவருடைய பயம். மகபூப் பீவியிடம் சொன்னதும் இதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை. குருவிகுளம் பாதையில் கரட்டுக் குன்றின் அடிவாரம். ரைபிள் கிளப்பின் ஆவணிப் போட்டி. ஆறு பலகைகள், ஆறு பேர், ஆளுக்குப் பத்துக் குண்டு. செயலாளர் பெத்துராஜ், பழைய பட்டாளத்துக்காரர், விசிலோடு நின்றார். சீட்டில் மருதப்பனுக்கு மூன்றாம் பலகை விழுந்தது. நான்காவது, கடையநல்லூர் ஜவுளிக்காரர் மன்சூர் அலிக்கு. மன்சூர் அலி இன்னும் இரும்புக் குறிதான். மருதப்பனின் தொலைநோக்கியை நீளவாக்கில் பார்த்தார்.

"எதுக்கு அண்ணாச்சி இம்புட்டுப் பெரிய குழாய்? பேசாம அங்கன நடந்து போயி விரலால குத்திட்டு வந்திரலாமே."

"நடந்தா கால் வலிக்கும் வே."

இழவுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு. மன்சூர் அலி வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மருதப்பன் படுத்தார். பின்னால் மூன்றடியில் சர்வே தொலைநோக்கியும் இருந்தது. ரைபிள் தொலைநோக்கியின் பழைய, மங்கிய கண்ணாடியில் வட்டம் தெரியும், ஓட்டை தெரியாது. ஒவ்வொரு குண்டுக்கும் எழுந்து, பின்னால் தவழ்ந்து போய், தானே பார்த்துவிட்டு வந்து படுத்தார். முதல் குண்டு எட்டு. இரண்டாவது ஏழு. மூன்றாவது ஆறு. எல்லாம் வலப்பக்கம் போய்க்கொண்டே இருந்தன. காற்று ஏறுவதை அவர் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு தாமதமாகவே கண்டுகொண்டார். நான்கும் ஐந்தும் அதே கதை.

ஆறாவது குண்டுக்கு அவசரப்படவில்லை. கன்னத்தைத் துப்பாக்கியிலிருந்து எடுத்தார். பின்னால் போய்க் கானலைப் பார்த்தார். வாய்க்கால் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. அது இன்னும் சற்று நிமிரும் என்று தோன்றியது. அரைச் சாண் போதும். திரும்பி வந்து படுத்து, குறி பார்த்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, அழுத்தினார். அழுத்திய கணத்தில் தொலைநோக்கியின் சிலுவைக் கோடு எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே நின்றது. சுட்டவனுக்கு அது தெரியும்.

தவழ்ந்து போய்ப் பார்த்தார். மூன்றாம் பலகையில் ஐந்து ஓட்டைகள். ஆறாவது இல்லை. மறுபடி பார்த்தார். இல்லை.

போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி?" என்றார் பெத்துராஜ்.

"பலகையிலேயே படல. நல்லாத்தான் கணிச்சேன்னு நெனச்சேன். காத்து எங்கைக்கு வரல. நான் எந்திரிச்சிக்கிடுதேன்."

"இன்னும் நாலு இருக்கே."

"இருக்கட்டும். போதும்."

பெத்துராஜ் விசிலை விரலில் திருப்பிக்கொண்டிருந்தார். அப்போது, பத்துக் குண்டையும் முடித்துவிட்டுத் தன் பலகையைப் பைனாகுலரில் எண்ணிக்கொண்டிருந்த மன்சூர் அலி குரல் கொடுத்தார்.

"வே பெத்துராஜ், எனக்கு எத்தனை குண்டு குடுத்தீரு?"

"பத்து. ஏன்?"

"இங்கன பதினொண்ணு இருக்கு. ஒண்ணு நட்டநடுப் பொட்டுல. அது சத்தியமா என் வேலை இல்ல. நான் அம்புட்டு நல்லாச் சுடுத ஆளும் இல்ல."

அடுத்தவர் பலகையில் விழுந்த குண்டு சுட்டவருக்குச் சைபர். பெத்துராஜ் தாளில் அதை எழுதினார். எழுதும்போது மருதப்பனைப் பார்க்கவில்லை.

பத்தொன்பது வருடத்தில் மருதப்பன் பலகை மாறிச் சுட்டதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. தங்கத்தாய் சங்கரன்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கேட்ட நம்பரைத் திரும்பச் சொல்லி, எதிர்முனை "ஆமா" என்ற பிறகுதான் இணைப்பார். சுடுமிடத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு குண்டுக்கு முன்னும் பலகையின் எண்ணைச் சொல்லுவார். மருதப்பன் "ம்" என்று சொல்லும்வரை விடமாட்டார். எக்ஸ்சேஞ்சில் பழகிய குரல். கரட்டில் பட்டுத் திரும்பி வரும். இரும்புக் குறியில் ஆறு பலகையும் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் நிற்கும். பலகை தப்பவே வழியில்லை.

"நான் என்ன குருடனா, ஏட்டி? ஆறும் தெரியுது" என்று நாலு பேர் முன்னால் மருதப்பன் சொல்லியிருக்கிறார்.

"ஒரு 'ம்' சொல்லுததுல ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்பது பதில். பிறகு மறுபடியும் நம்பர்.

இருபது மடங்கு தொலைநோக்கியில் ஒரு பலகைதான் தெரியும். பக்கத்துப் பலகை இருப்பதே தெரியாது. எண் எழுதிய கல் பலகையின் காலடியில் புல்லுக்குள் மறைந்திருந்தது. கானலைப் பார்த்துவிட்டு வந்து படுத்தபோது கண்ணாடிக்குள் ஒரு பலகை நின்றது. அது எந்தப் பலகை என்று கேட்க ஆளில்லை.

மருதப்பன் சர்வே தொலைநோக்கியை நான்காம் பலகைக்குத் திருப்பினார். நீண்ட நேரம் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் முழங்கை வரை கரட்டுச் செம்மண்.

"காத்து சரியாத்தான் இருந்திருக்கு" என்றார்.

"அதான் சொல்லுதேன் அண்ணாச்சி. மிச்ச நாலையும் போடுங்க" என்றார் மன்சூர் அலி.

"நம்பர் சொல்ல ஆள் இல்ல வே."

மழை இல்லை, பஸ் இல்லை என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். மன்சூர் அலி பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றித் தன் பெட்டியின் மேல் வைத்தார். தூசியைத் தட்டாமல், காலை முதல் யாரும் உட்காராத அந்த இடத்தில், சர்வே தொலைநோக்கிக்குப் பின்னால், வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். கண்ணை வைத்துப் பார்த்து, "அல்லா, எல்லாம் தலைகீழா நிக்கி" என்றார். பிறகு கேட்டார்: "நான் என்ன சொல்லணும்?"

"காத்து வேண்டாம். அதை நான் பாத்துக்கிடுதேன். நம்பர் மட்டும்."

மருதப்பன் படுத்தார். முழங்கையை ஊன்றினார். குதிகால்களை மண்ணில் பதித்தார். ஏழாவது குண்டு உள்ளே போனது.

"மூணு" என்றார் மன்சூர் அலி.

"சத்தமா."

"மூணு."

"இன்னுங் கொஞ்சம்."

"ரோட்டுல போற பஸ்ஸுக்கும் கேக்கணுமா அண்ணாச்சி?"

"கேட்டா நல்லதுதான்."

"மூணு." இந்த முறை கரட்டில் பட்டுத் திரும்பியது.

மருதப்பன் இன்னும் 'ம்' சொல்லவில்லை. சுடவும் இல்லை. போல்ட்டைத் திறந்துவிட்டு, கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமலே, சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஒரு கொத்துப் பஞ்சு வந்தது. அந்த இடத்தில் பஞ்சு அடைக்காமல் உட்கார்ந்தால் மூன்று நாள் காது இரையும். மன்சூர் அலி தன் காதுப் பஞ்சை எப்போதோ பிடுங்கிப் போட்டிருந்தார். மருதப்பன் பஞ்சை இரண்டாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் விரல்களுக்கிடையில் உருட்டி, திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினார்.