பொங்கலுக்கு நான் வெள்ளையடித்த சுவர்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் அலுவலர் வந்தார். பழைய கட்டடங்களைப் பார்வையிடுகிறவர். கூடவே வீட்டுச் சொந்தக்காரி; இத்தாலியன் மரியாதைப்படி சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். எண்பது வயதில், முழங்கால் நோவோடு, மூன்று மாடி ஏறி வந்திருந்தார்.

எதற்கு? பல்லரோ சந்தைக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் இந்தக் கட்டடத்தின் கூரை ஒழுகுகிறது. உத்தரமும் உளுத்துவிட்டது. தனியே திருத்த சிஞ்ஞோராவுக்கு வசதி இல்லை. சரித்திர மதிப்புள்ள கட்டடம் என்று ஏற்றுக்கொண்டால், திருத்தும் செலவில் ஒரு பங்கை அவர் அரசுக்குக் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். அது கிடைக்காவிட்டால் விற்பதைத் தவிர வழியில்லை என்று முன்பே சொல்லியிருந்தார். விற்றால்... வாங்குகிறவர் மூன்று தமிழ்க் குடும்பங்களை வைத்துக்கொண்டா இருப்பார்?

"மதிப்புள்ளது இந்த அறையில்தான் இருக்கிறது," என்று அலுவலரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார் சிஞ்ஞோரா. "சுவர் முழுக்க ஓவியம். ஆரஞ்சுத் தோட்டத்தில் தோடம்பழம் ஆய்கிற பெண்கள். என் மாமியாரின் மாமியார் காலத்தது."

சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

சிஞ்ஞோரா சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பல வருடமாக அவர் இந்த மாடிக்கு ஏறியதில்லை.

நான் அதிகம் கதைக்கிறவன் அல்ல. அன்று வாய் திறந்தே ஆக வேண்டியிருந்தது. "நான்தான் சிஞ்ஞோரா. எங்கள் பண்டிகைக்காக அடித்தேன்."

பொங்கலுக்கு வெள்ளையடிக்காமல் இருக்க முடியுமா நமக்கு? அந்தப் பெண்களின் முகங்கள் உரிந்து, புகை படிந்து கிடந்தன. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான், அழுக்கென்றுதான் நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை — குற்றம் அதுதான்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார் சிஞ்ஞோரா. அவ்வளவுதான். கதிரையில் உட்கார்ந்துவிட்டார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அலுவலர் பேனையை மூடினார்.

அப்போது குசினி வாசலில் நின்ற என் மனைவி தமிழில் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, சுவரிலை இருக்கிற சாமித் தட்டைக் கழட்டுங்கோ. அதுக்குப் பின்னாலை நீங்கள் அடிக்கேல்லை."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"கழட்டப் பஞ்சிப்பட்டு அதைச் சுத்தித்தானே அடிச்சனீங்கள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

பிள்ளையாரையும் முருகனையும் கட்டிலில் இறக்கி வைத்துவிட்டுத் தட்டைக் கழற்றினேன். ஒரு முழ அகலத்துக்கு ஓவியம் அப்படியே இருந்தது. ஒரு பெண்ணின் கை. விரல்களுக்குள் ஒரு தோடம்பழம். அலுவலர் பேனையைத் திரும்பவும் திறந்தார்.

விண்ணப்பத்துக்கு இது போதும், பெயின்றுக்குக் கீழே இருப்பதையும் தெரிந்தவர்கள் மெல்ல மெல்ல மீட்கலாம் என்றார் அலுவலர். ஆனால் இன்னொன்றும் சொன்னார். இந்த வரிச் சலுகை வருட முடிவோடு நின்றுபோகக்கூடும். நீடிப்பதா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் எங்கள் கூரையில் வேலை தொடங்கவே முடியாது. நீடிக்கச் சொல்லிப் பழைய நகரத்துச் சனங்கள் கையெழுத்துச் சேர்க்கிறார்கள்.

அவர்களிடம் நானும் ஒரு தாள் வாங்கினேன். அதோடு முதலில் போனது கீழ் மாடி ராசன் அண்ணையிடம்.

"எங்கடை வரிக்காசிலை சிஞ்ஞோராவின்ரை சுவருக்கு மருந்து கட்டுறதோ?" என்றார். "நீ அடிச்ச பெயின்றுக்கு நான் ஏன் கையெழுத்து வைக்கிறது?"

"சுவரை விடுங்கோ அண்ணை. கூரை ஆரின்ரை தலைக்கு மேலை இருக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் தளத்தைத் தாண்டி அவர் வீட்டு முகட்டிலும் ஈரம் இறங்கியிருக்கிறது. தாளை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

பழைய நகரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வசதியான பலர் எப்போதோ புது மாடிவீடுகளுக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த வீடுகள் சில இன்னும் இடிந்தபடியே கிடக்கின்றன. மிச்சமுள்ள வீடுகளில் சிஞ்ஞோரா போன்ற முதியவர்களும் எங்களைப் போன்றவர்களும் இருக்கிறோம். இது பணக்காரர் மாளிகைக்கான சலுகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரசு ஒரு பங்கு பொறுத்தால் வீட்டுக்காரர் திருத்துவார். திருத்தினால் நாங்கள் இருப்போம். நானும் வரி கட்டுகிறேன். அதில் கொஞ்சம் இதற்குப் போனால் எனக்குச் சம்மதம்.

இந்த ஞாயிறு சந்தை வாசலில் அந்தத் தாளோடு நிற்பேன். கூச்சமாகத்தான் இருக்கும்... நீங்களாகவே வந்து தாளைக் கேட்டு வாங்குங்கள்.

கையெழுத்தை இத்தாலியனில்தான் போட வேண்டும் என்றில்லை. நான் தமிழில்தான் போட்டேன்.