படி மறந்த வீடு

செம்பூரில் எங்கள் வீடு எழும்பிக்கொண்டிருந்த வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு ஈரச் சிமென்ட் வாசனைதான். மாட்டுங்காவில் ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி, இறங்கியபின் புல்வெளி நடுவே நடப்போம். குடையோடு அப்பா முன்னால், தூக்குச்சட்டியோடு அம்மா நடுவில், காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு நானும் சித்தப்பாவும் கடைசியில்.

கீழ்வீடு எங்களுக்கு. மேலே ஓர் அறை, கல்யாணம் நிச்சயமாகியிருந்த சித்தப்பாவுக்கு. "கல்யாணம் ஆனாலும் ஒரே வீடு, ஒரே சமையல்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா பெருமையாகச் சொல்வார். அந்த நேரம் பார்த்து அம்மா காபி கலக்க உள்ளே போயிருப்பாள்.

மேல் அறை ஜன்னலிலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர் தெரியும், அதைப் பார்த்தபடி தினமும் கதை சொல்கிறேன் என்று சித்தப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வீட்டில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அப்போதெல்லாம் சிமென்ட் பர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். கிடைத்த மூட்டைகள் மழையில் கல்லாகும் முன் தளம் போட்டாக வேண்டும். அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டி விடியற்காலையில் ஒரு நல்ல நேரம் கண்டுபிடித்தார். படிக்கட்டு ஏறி வருவதற்குத் தளத்தில் ஒரு திறப்பு விட வேண்டும். அந்த இடத்தில் பலகைப் பெட்டி அடிக்க வேண்டிய ஆசாரி தாராவியிலிருந்து வருகிறவர். நல்ல நேரமோ ஆசாரியின் ரயிலுக்கு முன்பே வந்துவிட்டது. திருநெல்வேலிக்காரரான கான்ட்ராக்டர் பாய் சொன்ன நேரத்துக்கு வேலையைத் தொடங்கினார். ஆசாரி வந்து சேர்ந்தபோது தேங்காய் உடைந்து, கற்பூரம் அணைந்து, திறப்பு இருக்க வேண்டிய இடத்தையும் கான்கிரீட் மூடிவிட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு அப்பா கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"பாய், படி எங்கே வரும்?"

"இங்கனதான் சார்."

"தலை இடிக்குமே?"

பாயும் அண்ணாந்து பார்த்தார். "இடிக்கத்தான் சார் செய்யும்."

"அப்போ என் தம்பி மேலே எப்படிப் போவான்? ஏர் இந்தியாவுல டிக்கெட் எடுக்கணுமா?"

"நீங்கதான சார் நல்ல நேரம் தப்பிரப்படாதுன்னு நின்னிய. ஆசாரி வரட்டும்னேன், கேட்டியளா?"

அப்பா அது காதில் விழாதவர்போல் குடைக் காம்பால் சுவரைத் தட்டிப் பார்த்தார். சுவரில் குறையில்லை.

எனக்கு அன்று கவலை எதுவுமில்லை. சித்தப்பா என்னை மூங்கில் ஏணியில் ஏற்றி மேலே கொண்டுபோனார். தளம் காயாமல் இருக்க மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு துண்டு வானம் கிடந்தது. வரப்பில் கால் வைத்து நடந்தோம். மேகங்கள் எங்கள் பாதங்களுக்கு இருபுறமும் நகர்ந்தன. தூரத்தில் டிராம்பே குன்று, அதன் முன்னே பகலிலும் எரிந்துகொண்டிருந்த அந்தச் சுடர். கீழே அப்பா யாரையோ திட்டும் சத்தம் வேறு ஊரிலிருந்து வருவதுபோலக் கேட்டது.

நல்ல நேரத்தில் போட்ட தளத்தை உடைக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட, படியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அறையை எழுப்பினார்கள். கொத்தனார்களுக்கு ஏணி போதுமாக இருந்தது. ஜன்னல் வந்தது. அழகான கதவும் வந்தது. திறந்தால் நேரே காற்று.

கல்யாணத்துக்கு முந்தைய மாதம் பாயே பேச்சை எடுத்தார். "வெளிச்சுவத்துல இரும்புப் படி வச்சிருவோம் சார். முனிசிபாலிட்டியில ஒரு கையெழுத்து, அம்புட்டுத்தான். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"இருக்கட்டும் அண்ணா" என்றார் சித்தப்பா. "விக்ரோலியில கம்பெனி குவார்ட்டர்ஸ் தரேங்கறான். பாவம், பாயை எதுக்குப் படுத்தணும்?"

"தனியாவாடா இருக்கப்போறே?"

"படி இல்லியே அண்ணா."

"ஆமாம், படி இல்லியே" என்றாள் அம்மா. அவள் குரலில் அத்தனை பரிவை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

நான் ஓவென்று அழுதேன். "நீங்க ஏன் மறந்தீங்க?" என்று பாயின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா தாயி, என் தப்புதான்" என்று சிரித்தார்.

பிற்காலத்தில் கட்டட வரைபடங்களுக்கு அனுமதி தரும் அலுவலகத்திலேயே உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றேன். வெளிப்படிக்கு எந்தத் தாள், எந்த மேஜை, யார் ஒப்பம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் கிடைத்தது. விண்ணப்பிக்காதவர்களுக்கு வழங்கத்தான் எங்களிடம் விதி இல்லை.

கிரகப்பிரவேசத்துக்குச் சித்தப்பாவும் புதுச் சித்தியும் விக்ரோலியிலிருந்து வந்தார்கள். அம்மாவும் சித்தியும் நாள் முழுவதும் சமையலறையில் கைகோத்துக்கொள்ளாத குறையாகச் சிரித்துப் பேசினார்கள். வந்தவர்கள் எல்லோரும் மாடியைக் காட்டிக் கேட்டார்கள். "என்ன பண்றது, எல்லாரும் ஒண்ணா இருக்கணும்னுதான் கட்டினோம். கான்ட்ராக்டர் படியை மறந்துட்டார்" என்று அம்மா ஒவ்வொருவரிடமும் பெருமூச்சோடு சொன்னாள். சித்தியும் உடன் பெருமூச்சு விட்டாள்.

சாயங்காலம் அவர்கள் ரயிலுக்குக் கிளம்பிப் போனார்கள். ஏணியைப் பாயின் ஆட்கள் முன்பே அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். இருட்டத் தொடங்கியது; கீழே நின்ற எனக்கு ஆலையின் சுடர் தெரியவில்லை. யாரும் நுழையாத அந்த அறையின் ஜன்னல் கண்ணாடியில் மட்டும் அதன் சிவப்பு ஏறி, உள்ளே யாரோ விளக்கு வைத்துக் கதை சொல்வதுபோல அசைந்தது.

கடைசிப் பந்தியில் பாய் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே நான், தொடாத பாயசத்தோடு.

"போதும்மா" என்று அவர் இலைமேல் கையை விரித்து மறைத்தார்.

"நன்னாச் சாப்பிடுங்கோ பாய், நீங்க சாப்பிடாம யார் சாப்பிடறது" என்று அம்மா அவர் கையை விலக்கச் சொல்லி, மறுபடியும் பாயசம் ஊற்றினாள். படியை மறந்த மனிதருக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று நான் பொருமிக்கொண்டு பார்த்தேன். கரண்டியின் அடியில் தங்கியிருந்த முந்திரியெல்லாம் அவர் இலையில்தான் விழுந்தது.