காலிக் குடங்களும் புதிய முதல்வரும்

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணல் மாணலாக வரும். ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மறந்துபோகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஆயாவாக வேலை பார்த்த பெண்கள் கல்லூரியில் படித்து, இப்போது அங்கேயே பாடம் நடத்துகிற ஒரு பெண், புதிய முதல்வர் பதவியேற்ற நாளைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் சோமனூர்ப் பக்கத்துக்காரி. வீட்டுக்காரர் தறி ஓட்டினார். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி அவர் படுத்த பிறகு, திருப்பூருக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பனியன் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு வந்துகொண்டிருந்த காலம். கல்லூரிக்குக் கொஞ்ச தூரத்தில் எங்கள் வளவு. ஒரே வாசலைச் சுற்றி ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு கிணறு. பள்ளத்தில் சாயப்பட்டறைகள் வந்ததிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரில் துணி அலசினால்கூடக் கறை பிடித்தது. குடிக்க லாரித் தண்ணீர்தான். லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கல்லூரிக்குள் ஆழ்துளைக் கிணறு இருந்தது. நான் வேலை முடிந்து வரும்போது ஒரு தூக்குப்போசியில் எடுத்து வருவேன். அது அவருக்கு மருந்து குடிக்கத்தான் காணும்.

பழைய முதல்வரை நாங்கள் யாரும் முதல்வர் என்று சொன்னதில்லை. பிரின்ஸ்பாலம்மா என்போம். அவர் ஓய்வு பெற்றுப் போய், புதியவர் வருகிறார் என்று ஆனபோது, தமிழ் நடத்துகிற அம்மா நல்ல தமிழில் ஒரு துணியில் எழுத வைத்தார். ‘புதிய முதல்வர் அவர்களே, வருக வருக.’ கீழே சின்ன எழுத்தில் கல்லூரியின் பெயர். அதைப் பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு கம்பத்துக்கு நடுவில் கட்டினார்கள். காற்றில் துணியின் அடிப்பாகம் சுருண்டுபோய், மேல் வரி மட்டும்தான் தெரிந்தது. ரேடியோவில் முதல்வர் முதல்வர் என்று கேட்டவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? அன்று நான் நாற்காலி துடைத்துவிட்டு வீடு வந்ததும் படுத்துவிட்டேன். வளவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

விழா அன்று விடியும் முன்பே போய்விட்டேன். வாசல் தெளித்தேன், பாத்திரம் கழுவினேன், மேடைக்குக் கீழே சிந்திய பூவைக் கூட்டினேன். கூட்டக் கூட்டப் பெண்கள் மறுபடியும் சிந்தினார்கள். வெயில் ஏறியபோது என் கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு முன் வாசல் பக்கம் போனேன். அங்கே எங்கள் வளவுப் பெண்கள் அத்தனை பேரும் பிளாஸ்டிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் பக்கத்து வீட்டு அக்கா. நூல் சுற்றப் போகிறவள், பேச அஞ்சாதவள்.

"ஏனுங்க, இன்னைக்கு விழாவுங்க. அந்தப் பக்கம் போங்க" என்றார் வாட்ச்மேன்.

"விழான்னு தெரிஞ்சுதானுங்க வந்திருக்கறோம். முதல்வர் எப்பங்க வாராரு?"

"வாராரு இல்லீங்க. பொம்பளைங்க அவிய."

அக்கா திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். "மெட்ராசுல எப்போ மாத்துனாங்க? ரேடியோவுல ஒண்ணுஞ் சொல்லவே இல்லியே."

வாட்ச்மேனுக்கு அப்போதுதான் புரிந்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு. "அட சாமி, இது காலேஜு முதல்வருங்க. பிரின்ஸ்பாலுங்க, பிரின்ஸ்பால்."

"அப்பறம் பிரின்ஸ்பாலுன்னே எழுதிப் போடறதுக்கு என்னங்க கேடு?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "ஒரு ஷிப்டு போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். "ஏ அம்மிணி, உள்ளதானே இருக்கறே. உங்க முதல்வருக்கு ஒரு குழாயத் தொறந்து உடற அதிகாரமாச்சும் இருக்குதா, கேட்டுச் சொல்லு."

நான் டம்ளர் தட்டோடு நின்றேன். வீட்டில் எங்கள் குடமும் காலியாகத்தான் கிடந்தது.

அதற்குள் ஆபீஸ் மேனேஜர் ஓடிவந்தார். "காரு வார நேரத்துல வாசல்ல காலிக் கொடத்தோட நிக்கறீங்களே, நல்லாருக்குதுங்களா? கொடத்தையாச்சும் பின்னால மறைங்க." பெண்கள் குடத்தை முதுகுப் பக்கம் கொண்டுபோவதற்குள் கார் வந்து நின்றுவிட்டது.

இறங்கியவர் குள்ளமாக, கண்ணாடி போட்டு, பருத்திச் சேலை கட்டியிருந்தார். தெற்கத்திக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. பெண்களைப் பார்த்துக் கைகூப்பினார். "பூரண கும்பமா? இங்கயும் இந்த வழக்கம் உண்டா?" என்று கேட்டபடி அக்காவின் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"கொடம் காலியால்லா இருக்கு."

"நெறைக்கத்தானுங்க வந்தோம்" என்றாள் அக்கா.

மேனேஜர் முகம் செத்துப்போயிற்று. அக்கா நிறுத்தவில்லை. "எங்க கெணத்துத் தண்ணி ஒரு நாளைக்குச் செவப்புங்க, ஒரு நாளைக்குப் பச்சைங்க. லாரி வந்து நாளாச்சு. முதல்வர் வாராங்கன்னு எழுதியிருந்துது, கேக்கலாமுன்னு வந்தமுங்க. எந்த முதல்வரா இருந்தா என்னங்க, வந்தது நீங்கதானுங்களே."

"இந்தப் பக்கமா வாங்க மேடம், நல்ல நேரம் போகுதுங்க" என்று மேனேஜர் பக்கத்து வாசலைக் காட்டினார்.

புதியவர் அசையவில்லை. "காலிக் கொடத்துக்கு எதுக்க நான் உள்ள போகணுமாக்கும்? நெறச்சுட்டு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் இங்கனயே நிக்கேன்."

இரக்கப்பட்டுச் சொன்னாரா, சகுனத்துக்குப் பயந்து சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம். மேனேஜர் என்னைப் பார்த்தார். பின்பக்கக் குழாய்க்குப் பூட்டு உண்டு, சாவி என் இடுப்பில் இருந்தது.

ஒரு குழாயில் அத்தனை குடம் நிறைய எவ்வளவு நேரமாகும். மேளக்காரர்கள் வாசித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். பூத்தட்டு பிடித்த பெண்கள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்கள். அவர் வெயிலில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார் என்று பிறகு சொன்னார்கள். நான் குழாயடியில் குனிந்து குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். கடைசிக் குடம் நிறைந்ததும் பெண்கள் இடுப்பில் நிறைகுடத்தோடு வரிசையாக அவருக்கு எதிரே நடந்து வந்தார்கள். அவர் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

"உன்ற காலேஜுத் தண்ணி இனிக்குது அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனாள் அக்கா.

மேடையில் யார் யாரோ பேசினார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆறிப்போன கேசரி ஒட்டிய தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை வளவில் எல்லார் வீட்டிலும் சோறு வெந்தது. எனக்குச் சாப்பிடக்கூடத் தெம்பு இல்லை.

மறுநாள் காலையில் பின்வாசலில் மறுபடியும் குடங்கள்.

"நேத்து விழாவுக்குங்க. தெனமும் விழாவா?" என்றார் மேனேஜர்.

"தெனமும் உங்க முதல்வரு உள்ள போறாங்களா இல்லீங்களா?" என்றாள் அக்கா. "நாங்க முன்வாசல்ல காலிக் கொடத்தோட எதுக்க வந்து நிக்கறதுக்கு எவ்வளவு நேரமாகுமுங்க?"

மேனேஜர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். முதல்வர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மாலைகள் ஓரத்தில் வாடிக் கிடந்தன. "அந்தப் பொம்பளைங்க எங்க இருந்தும்மா வாறாங்க?"

"எங்க வளவுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருப்பேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னொன்றும் வந்தது. "எங்க ஊட்டுலயும் தண்ணி இல்லீங்க."

"அப்போ சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். பிள்ளைங்க வாறதுக்கு முன்ன குடுத்து முடிச்சிருங்க."

இப்படித்தான் அந்த வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. அதிலிருந்து கோழி கூப்பிடும் முன் எழுந்து போய்க் குழாயைத் திறப்பேன். வரிசையில் சண்டை வந்தால் இரண்டு பக்கமும் என்னைத்தான் திட்டுவார்கள். கொஞ்சம் நேரமானால், "மகாராணி இப்பத்தான் எந்திரிச்சாங்களாட்ட இருக்குது" என்பாள் அக்கா. மழையானாலும் காய்ச்சலானாலும் போனேன். ஒரு நாள் சாவியை மேனேஜரிடமே கொடுத்துவிடலாம் என்று கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். குடத்தைப் பார்த்ததும் குழாயடிக்கே திரும்பிவிட்டேன். வருஷக்கணக்கில் போயிற்று.

ஒரு காலையில் அந்தத் தண்ணீரும் இளம் மஞ்சளாக வந்தது. துரு என்று நினைத்துக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். மாறவில்லை. அக்கா ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். குடத்தைச் செடிக்குக் கவிழ்த்துவிட்டு, "பூட்டிக்கோ அம்மிணி" என்றாள். மறுநாள் யாரும் வரவில்லை. நான் மட்டும் பழக்கத்தில் அதே நேரத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று எனக்குச் சரியாக நினைவில்லை. தண்ணீர் கெட்டது அந்த முதல்வர் எங்களோடு இருந்தபோதா, ஊருக்குத் திரும்பிப் போன பிறகா? அவர் இருந்தபோதுதான் என்றால் நான் போய்ச் சொல்லியிருப்பேன், அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். அது எனக்கு ஞாபகம் வரவே மாட்டேன் என்கிறது. அந்தக் காலத்தில் அங்கே படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் விசாரித்துச் சரியாக எழுதிவிடுங்கள். மற்றதில் தப்பு இருந்தாலும் திருத்திவிடுங்கள்.