காளானைக் கண்டால் கத்தக் கூடாது

சேவூரில் எங்கள் லைன் வீட்டின் கடைசி வாசலில் குடியிருந்தவர் சகாயராஜ். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். மனைவி அமலிக்கும் அங்கேயே செக்கிங் வேலை. இரண்டு பேரும் கம்பெனி வேனில் போய் வேனில் வருவார்கள். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு! சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு டிவி கேட்காது. வேலியில் ஓணானைப் பார்த்தாலும் சரி, வானத்தில் ஏரோப்ளேனைப் பார்த்தாலும் சரி, "ஏட்டி அமலி, இங்கன பாரு" என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினால்தான் அவருக்குப் பார்த்த மாதிரி இருக்கும்.

2006 சித்திரையில் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது. ஊரில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய மனிதர் வாயையே திறக்கவில்லை. அழவும் இல்லை. அமலி என்ற பேரை அதற்கப்புறம் அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. மூன்றாவது படிக்கும் மகள் ஜோதிகா, "அம்மா போட்டோவ எங்கப்பா வச்ச?" என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

சேதி அவருடைய மாமியார், அமலியின் அம்மா காதுக்குப் போயிற்று. என் போனுக்கே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "காலாண்டு லீவுல வருதேன். பெத்த பிள்ளைட்ட ஒரு வார்த்த பேசாதவர்ட்ட எப்படி விட்டு வைக்க? கூட்டிட்டுப் போயிருவேன்." சகாயராஜிடம் சொன்னேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க தம்பி, வாயில என்ன கொழுக்கட்டையா? வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

ஆவணியில் ஒரு விடிகாலை. எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்கத் தோன்றியது. ஆனால் என் வாய்க்கு அதட்டத்தான் தெரியும். "சும்மா உக்காந்திருக்கறதுக்கு வந்து இந்தக் கூடையப் புடிங்க. நேத்து இடி இடிச்சுதில்ல, புத்துக்கிட்ட காளான் மொளச்சிருக்கும்" என்றேன்.

எழுந்து வந்தார். கரட்டோரம், பாறைக் குன்றை ஒட்டி நடக்கும்போது எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். காளானைக் கண்டால் கத்தக் கூடாது. விரல் நீட்டக் கூடாது, அழுகிவிடும். தோள் துண்டை அதன் மேல் போட்டுவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். கூட வந்தவர்கள் துண்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். புற்றுக்காளான் வருசா வருசம் அதே இடத்தில்தான் வரும். ஒரு தரம் சத்தம் போட்டோமானால் பக்கத்துத் தோட்டத்துக் கன்னையனுக்கு இடம் தெரிந்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் அவன் கூடைதான் நிறையும்.

பேசக் கூடாத வேலை என்றதும் சகாயராஜுக்குப் பிடித்துப்போயிற்று. கம்பெனியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் துக்கம் விசாரித்தார்கள். புற்று ஒன்றும் விசாரிக்கவில்லை. இடி இடித்த மறுநாள் வேன் வருவதற்கு முன்னால் என் வாசலில் வந்து நிற்பார். குனிந்து குனிந்து தேடுவார். வேர் பிடித்த மண்ணோடு காளானை உடையாமல் திருகி எடுத்து, கம்பெனி வேஸ்ட் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். புரட்டாசி பிறந்து எங்கள் வீடுகளில் கறி நின்றபோது லைன் முழுக்க அவர் கொண்டுவந்த காளான் குழம்புதான் மணத்தது. அவருக்கும் சோறு கொஞ்சம் இறங்கியது, முகம் தெளிந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

சொன்னபடி ஒரு சனிக்கிழமை மாமியார் வந்து இறங்கினார். பிள்ளையின் துணிமணியை அன்றே பையில் அடுக்கிவிட்டார். மறுநாள் மத்தியானம் பஸ். இரவெல்லாம் இடியும் மழையும். காலையில் சகாயராஜ் எப்போதும் போலக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார். மகள் ஊரை விட்டுப் போகிற நாளிலும் காளானா என்று எனக்கு ஆத்திரம். "வா கண்ணு, உங்கப்பன் அப்படி என்னத்தத் தேடறாருன்னு பாக்கலாம்" என்று ஜோதிகாவைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனேன். மாமியாரும் வந்தார்.

கரட்டுக்குப் பின்னால், நாங்கள் அதுவரை போகாத ஒரு பழைய புற்று. அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பாய் விரித்த மாதிரி காளான். என் ஆயுசில் அப்படிப் பார்த்ததில்லை. முன்னால் போன சகாயராஜ் அப்படியே நின்றார். துண்டு தோளிலேயே கிடந்தது. கையை நீட்டி, காடே அதிரக் கத்தினார்.

"ஏட்டீ அமலி! ஓடியா, இங்கன பாரு! எம்புட்டு கெடக்கு!"

கத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது. நீட்டிய கையோடு மெதுவாகத் திரும்பினார். எங்களுக்கு முன்னால் ஜோதிகா நின்றிருந்தாள்.

"அம்மா இல்லப்பா," என்றாள். "நான் வரட்டா?"

"வா மக்கா. நீ வா."

புற்றடியில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தனை மாசத்து அழுகையும் அப்போதுதான் வந்தது. பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒங்கம்மைக்குக் காளான்னா உசுரு, தெரியுமா? கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாளு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. அழுகிறார், மூக்கைச் சிந்துகிறார், பேசுகிறார். "அப்புறம்?" "அப்புறம்?" என்று அவள் விடாமல் கேட்கிறாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மாமியார் என் பக்கம் திரும்பி, "பிள்ள இங்கனயே இருக்கட்டும்" என்றார்.

அதற்குள் வேலியைத் தாண்டிக் கூடையோடு ஓடி வந்துவிட்டான் கன்னையன். "இங்கயுமுங்களாக்கா மொளைக்குது?" என்று பல்லைக் காட்டினான். வேறு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன்.

"வேணுங்கறத எடுத்துட்டுப் போங்க, ஆனா சத்தம் போடாதீங்க," என்றேன். "அவரு பேசிட்டிருக்கறாரு."