மழைத்தளம் வைத்த மொய் விருந்து

கைப்பேசியைத் தட்டினால் மேகம் நகர்வதுகூடத் தெரிகிற காலம் இது. சிங்கப்பூரில் இருப்பவனுக்கு ‘உன் ஊரில் மழை’ என்று சொல்வதற்கென்றே ஒரு இணையதளம் இருந்தது என்றால் சிரிப்பார்கள். அதை நடத்திய கீரமங்கலம் திலகவதி டீச்சரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்ததும் பழைய பக்கங்களைத் திறந்து கொஞ்ச நேரம் படித்துக்கொண்டிருப்பார்.

அப்போது அவர் கணினி மையம் வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஒருவர் தளத்தில் எழுதுவார். அதில் கொத்தமங்கலம் அழகுமலைக்குத்தான் வாசகர்கள் அதிகம். ‘நேத்து நல்ல மழை. ஆட்டுக்குட்டியெல்லாம் அடுப்படிக்கு வந்திருச்சு. எனக்கு எடமில்லைன்னு செவந்தி சொல்லுது’ என்று எழுதுவார். செவந்தி அவர் மனைவி. சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலைக்கு இறங்குமுன் அதைப் படித்துவிட்டுத்தான் பையன்கள் தலைக்கவசம் மாட்டுவார்கள்.

கூட்டம் சேர்ந்ததும் பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் வந்தது. பின்னாலேயே பணமும் வந்தது. டீச்சர் நியாயஸ்தர். மழையும் தன்னுடையதில்லை, எழுத்தும் தன்னுடையதில்லை. பிறகு வருமானம் மட்டும் எப்படித் தன்னுடையதாகும்? எழுதுகிறவர்களின் வங்கிக் கணக்குக்கு ஆளுக்கொரு பங்கை அனுப்பினார். இனி இன்னும் உற்சாகமாக எழுதுவார்கள் என்று நம்பினார்.

கொத்தமங்கலம் ஊமையானது. அடுத்து மற்ற ஊர்களும் ஒவ்வொன்றாக வாயை மூடின. ‘ஊர்ல மழையே இல்லையா?’ என்று கேட்டுப் பார்த்த சிங்கப்பூர்க்காரர்கள், பதில் இல்லாமல் நழுவத் தொடங்கினார்கள். கூலி கொடுக்காமல் ஆளை விரட்டிய முதலாளிகள் உண்டு. பங்கு கொடுத்து விரட்டியவர் டீச்சர் ஒருவர்தான். இப்படியே போனால் ஐப்பசி மழையைச் சொல்லத் தளமே இருக்காது. அழகுமலையைப் பார்க்கக் கொத்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினார்.

“என்னண்ணே, எழுதுறதையே விட்டுட்டீங்க?”

“நீங்க காசு போட்டீங்கள்ல டீச்சர்.”

“பத்தலையாண்ணே?”

“அட, அது இல்லைங்க. வாங்குனதத் திருப்பிச் செய்யாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒங்க எடத்துல வந்து எழுதுறது? நீங்களும் ஒரு விசேஷம் வைக்க மாட்டேங்குறீங்க.”

ஆடி பிறந்தால் பந்தல் போட்டு, கறிச்சோறு ஆக்கி, ஊரையே அழைத்து மொய் வாங்கும் சீமை அது. வாங்கியவர், கொடுத்தவரின் விசேஷத்தில் மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் வீட்டில் காதுகுத்தும் இல்லை, சடங்கும் இல்லை. எழுதியவர்கள் அத்தனை பேருக்கும் கடன் அந்தரத்தில் தொங்கியது.

“அது மொய் இல்லண்ணே. விளம்பரக் காசு. நீங்க எழுதுனதுக்கு உள்ளது.”

அழகுமலையின் முகம் சுண்டிவிட்டது. “மழை பேஞ்சுச்சுன்னு சொல்றதுக்குக் கூலியா?”

உள்ளேயிருந்து செவந்தி சொன்னார்: “மொய்யின்னு இருந்தவரைக்கும் கெத்தா இருந்தாரு டீச்சர். இப்பக் கூலியாளாக்கிட்டீங்க. இனி ஆடு புடிச்சுக் கட்டச் சொன்னாலும் எம்புட்டுன்னு கேப்பாரு.”

விளக்கம் சொல்லிக் காரியத்தைக் கெடுத்தாயிற்று என்பது பஸ்ஸில் வரும்போது டீச்சருக்கு உறைத்தது. அது மொய்யாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆடியில் பந்தல் போட்டார்.

பேனர் கடைக்காரர், “பொண்ணு போட்டாவா, பையன் போட்டாவா?” என்று கேட்டார்.

“மேகம் போடுங்க.”

மிச்சமிருந்த விளம்பரப் பணம் ஆட்டுக்கறியாக வெந்தது. எழுதியவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்தார்கள். வாங்கியதோடு மேலேயும் வைத்தார்கள். அழகுமலை மொய்யை வைத்துவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தார். “இப்பத்தான் சோறு எறங்குது” என்று இரண்டாம் தடவை குழம்பு கேட்டார்.

வருமானத்தைப் பங்கு போடக் கிளம்பியவர், இப்போது இத்தனை வீட்டுக்கும் கடன்காரர். டீச்சருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

“ஆவணியில பேரனுக்குக் காதுகுத்து. வந்துருங்க டீச்சர்” என்றார் செவந்தி.

“வாரேன். வராம இருக்க முடியுமா?” என்றார் டீச்சர். அழைப்பு என்றாலே மரியாதைக்குத் தலைகாட்டிவிட்டுத் திரும்பியவருக்கு, முதன்முறையாகத் திருப்பிச் செய்ய வேண்டிய செய்முறை என்று ஒன்று வந்திருந்தது.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. பந்தலின் ஒரு பக்கத்தைக் காற்று தூக்கியடித்தது. ஆட்கள் ஓடினார்கள். அழகுமலை மட்டும் கைகழுவிய ஈரத்தோடு ஒரு மூலையில் ஒதுங்கிக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சிங்கப்பூரில் படித்தார்கள்:

‘கீரமங்கலத்துல நல்ல மழை. டீச்சர் சோத்து அண்டாவத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்க. நான் இத எழுதிக்கிட்டு இருக்கறதால ஒரு கை புடிக்க முடியல.’