கொதித்த மூடி

கணவாயின் அடிவாரத்தில் வண்டி பழுதுபார்க்கும் சுபான்குல் யாரையும் கைநீட்டி அடித்தவனில்லை. அன்று மதியம் டாக்ஸி ஓட்டும் எர்கேஷ், ஆவி கக்கும் தன் பழைய ஜிகுலி காரை நிறுத்தி இறங்கியதும், எடுத்த எடுப்பில் சுபான்குலின் வாயில் ஒரு குத்து விட்டான்.

"போன வாரம் தண்ணி பம்பு மாத்துனியே, என்னத்தடா மாத்துன? ஏத்தத்துல அடுப்பு மாதிரி கொதிக்குது! சவாரியெல்லாம் இறங்கிப் போயிட்டாங்க!"

சுபான்குல் ரத்தத்தைத் துப்பிவிட்டு எஞ்சின்மேல் குனிந்தான். ரேடியேட்டரின் மேல்குழாய் விரலைச் சுட்டது. கீழ்க்குழாய் ஆற்றுக்கல்லாய்ச் சில்லென்றிருந்தது.

"பம்பு நல்லாத்தான் இருக்கு. சூடானா தண்ணிக்கு வழி விடுற தெர்மோஸ்டாட் வால்வு திறக்காம மாட்டிக்கிச்சு, தண்ணி சுத்தல. ஆறட்டும், கழட்டுறேன்."

"கதை விடாத! தண்ணியே ஊத்தாம விட்டிருப்ப. இப்பவே பாக்குறேன்!" எர்கேஷ் கையில் கந்தல்துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைப் பிடித்தான்.

"தொடாதடா, மூஞ்சி வெந்துரும்!"

எர்கேஷ் அவனை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு, குனிந்து மூடியைத் திருகினான். சுபான்குல் கையில் கிடைத்த ஸ்பேனரை ஓங்கி அவன் மணிக்கட்டில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. எர்கேஷ் அலறிப் பின்னால் விழவும், மூடி தெறித்து, அவன் முகம் இருந்த இடத்தில் கொதிநீர் பீறிட்டு எழவும் சரியாக இருந்தது. சிதறிய நீர் சுபான்குலின் முன்கையைப் பொசுக்கியது.

"கைய ஒடிச்சிட்டியே, பாவி!"

"கண்ணு ரெண்டும் இருக்குல்ல? எந்திரி."

தன் வண்டியிலேயே அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனான். வழிநெடுக இருவரும் திட்டிக்கொண்டே போனார்கள். அவ்வளவு பலமாக அடித்தது அவனைக் காப்பாற்றத்தானா, இல்லை ஆத்திரமும் சேர்ந்தா என்று சுபான்குலுக்கே விளங்கவில்லை.