தீப்பெட்டிக் கிட்டங்கிக்குப் பக்கத்து அறை

நேற்று விளக்கேற்றத் தீக்குச்சி உரசினேன். மருந்து வாடை மூக்கில் ஏறியதும் கை தானாக மடிக்கணினியைத் தேடிப் போய்விட்டது. சிரிக்காதீர்கள். கோவில்பட்டியில் தீப்பெட்டிப் பண்டல்களை அடுக்கிவைக்கும் கிட்டங்கியை ஒட்டின அறையில் உட்கார்ந்து மென்பொருள் எழுதியவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

அறை முருகேசன் அண்ணாச்சியுடையது. கீழே அவருடைய டைப்பிங் சென்டர், மாடியில் அவர், நான், ஜெயந்தி என்று நாங்கள் மூன்று பேர். தமிழை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் ஒன்றை, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று இலவசமாகச் செய்துகொண்டிருந்தோம். நாகலாபுரத்து ஜெயந்திக்குக் கண் தெரியாது. கல்லூரிப் பாடத்தை அதில் கேட்டுத்தான் படித்தாள். எங்கள் பிழைகளைத் திருத்தியதும் அவள்தான்.

பென்டிரைவில் கொண்டுவந்து கொண்டுபோனதில் ஒருநாள் என் பழைய கோப்பு அவளுடைய புதுசை விழுங்கிவிட்டது. அதன் பிறகுதான், யார் எதை மாற்றினாலும் பழையதையும் சேர்த்துவைக்கிற ஏற்பாடு வேண்டும் என்று பேச்சு வந்தது. அதற்கென்றே இருக்கிற இரண்டு மென்பொருள்களில் எது, சப்வெர்ஷனா, கிட்டா? முதலாவதில் முழு வரலாறும் அண்ணாச்சியின் கணினியில் மட்டும் இருக்கும். இரண்டாவதில் ஆளுக்கொரு முழு நகல்.

"ஏலே, ஒரே எடத்துல இருந்தாத்தான் ஒழுங்கா இருக்கும். ஆளாளுக்கு வச்சிருந்தா எவன் சொல்லுதது சரி?" என்றார் அண்ணாச்சி.

"கிட்டங்கி பத்திக்கிட்டா?" என்றேன் நான்.

"ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதால?"

ஜெயந்தி மெதுவாகச் சொன்னாள்: "தீப்பிடிச்சா நீங்க ஓடிருவீய அண்ணாச்சி. ஒங்க கம்ப்யூட்டர் ஓடாதுல்லா. அது போச்சுன்னா, பழையபடி யாராச்சும் வாசிச்சுக் காட்ட மாட்டாவளான்னு நான் காத்துக் கெடக்கணும்."

அண்ணாச்சி இறங்கி வரவில்லை; எல்லாம் அவர் கணினியிலேயே இருந்தது. எனக்கு உறக்கம் போயிற்று. எங்கள் கரிசல் காட்டில் மேகம் கறுத்தால் ஊரே வாசலுக்கு வந்து சந்தோஷமாக அண்ணாந்து பார்க்கும். இடி விழுந்து கிட்டங்கி பற்றிக்கொள்ளுமே என்று நின்றவன் நான் ஒருவன்தான்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். புதூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறேன், அந்தத் தெருவுக்கு மேலே புகை. எப்படி ஓடினேன் என்று தெரியாது. தூறலில் அண்ணாச்சி நடுத்தெருவில் நின்றார். ஒரு கை ஜெயந்தியைப் பிடித்திருந்தது. மறு கையில், துண்டு சுற்றிய கணினிப் பெட்டி.

கிட்டங்கிக்குப் பின்னால் யாரோ குப்பையைக் கொளுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான்.

"ஏலே, நீ சொன்னதையே போடுல," என்றார். அன்று சாயங்காலமே கிட்டைப் போட்டோம்.

கிட்டங்கி கடைசிவரை தீப்பிடிக்கவில்லை. நகல் வீட்டிலேயே இருந்ததால் மாடி ஏறும் வேலைதான் குறைந்தது. முதலில் வாரம் ஒருமுறை கூடினோம், பிறகு தீபாவளிக்கு மட்டும். ஜெயந்தி வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனாள். அண்ணாச்சி சென்டரை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அறையில் இப்போது செல்போன் கடை.

நேற்று குச்சியை அணைத்துவிட்டு நகலைத் திறந்து பார்த்தேன். ஒரு வரிகூடத் தொலையவில்லை. கடைசித் திருத்தம் என்னுடையது. அதற்கு முந்தினதும், அதற்கும் முந்தினதும் என்னுடையதுதான்.